திரித்துவத்தை எங்கள் பிள்ளைகளுக்கு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள்

பினாங்குத் தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர்களுக்கும், ஞாயிறு பள்ளிகளை மேற்பார்வை செய்வோருக்கும், வாலிபர் கூட்டங்களை நடத்தும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஸ்தோத்திரம்.

நான் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ச் சபையில் பெரிய பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுப்பவள். இறையியல் பட்டம் ஏதும் என்னிடம் இல்லை. உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். வருடத்துக்கு ஒரு முறை, பெந்தெகொஸ்தேக்கு அடுத்த ஞாயிறு அன்று மட்டும் தொட்டுவிட்டுப் போகிற திரித்துவ உபதேசத்தை, எங்கள் பிள்ளைகள் தங்கள் சொந்த வாயால் எடுத்துச் சொல்லும் அளவுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஏன் இப்போது கேட்கிறேன் என்றால், என் வகுப்பில் இருந்த ஒரு பையன் இன்று பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். இரவு ஷிஃப்டில் பசியாறப் போகும் நேரத்தில், கேண்டீனில் அவனோடு எப்போதும் உட்காரும் ஒரு தமிழ் முஸ்லிம் அண்ணன் கேட்டிருக்கிறார்: "தம்பி, தப்பா நினைக்காத. கடவுள் ஒருத்தர்னு நீங்களும் சொல்றீங்க. அப்புறம் பிதா, குமாரன், ஆவின்னு மூணு பேரையும் சொல்றீங்க. இயேசுதான் கடவுள்னா, சிலுவைக்கு முந்தின ராத்திரி அவர் யார்கிட்ட ஜெபம் பண்ணாரு?" நியாயமான கேள்வி. கேலி இல்லை, சண்டை இல்லை. பையனுக்குப் பதில் தெரியவில்லை. அவன் போகும் சபையில் ஒரு பெரியவரிடம் கேட்டிருக்கிறான். "அது மறைபொருள். விசுவாசிக்கணும், ஆராயக் கூடாது" என்று முடித்துவிட்டார். பையன் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. ஆனால் அந்த அண்ணனோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டான். எனக்கு அதுதான் ஆறவில்லை.

மறைபொருள் என்பது சரி. தேவனை நம் புத்தியால் முழுதாக அளந்துவிட முடியாது. ஆனால் அவரைப் பற்றிச் சபை எதை அறிக்கை செய்கிறது, எதை மறுக்கிறது என்பதில் மறைபொருள் ஒன்றும் கிடையாது. அதைச் சபை எழுதியே வைத்திருக்கிறது. எழுதி வைத்ததைக்கூடச் சொல்லிக்கொடுக்காமல் "ஆராயாதே" என்றால், கேட்கிற பிள்ளைக்கு என்ன தோன்றும்? இவர்களுக்கும் தெரியாது போலிருக்கிறது என்றுதான் தோன்றும்.

சிலர் பதில் சொல்ல முயற்சி செய்கிறார்கள். அதற்காக அவர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் சொல்கிற பதில் பெரும்பாலும் இரண்டே இரண்டு. ஒன்று, தண்ணீர், ஐஸ்கட்டி, நீராவி. மூன்றும் ஒரே பொருள், வடிவம்தான் வேறு என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இது திரித்துவம் இல்லை. ஒரே ஆள் மூன்று வேடத்தில் வருகிறார் என்ற போதனை இது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் சபெல்லியு என்பவரின் பெயரோடு பரவி, சபை அன்றே விலக்கி வைத்தது. மாற்கு முதல் அதிகாரத்தைத் திறந்து பார்த்தாலே போதும். இயேசு யோர்தானில் நிற்கிறார், ஆவி புறாவைப்போல இறங்குகிறார், "நீர் என்னுடைய நேசகுமாரன்" என்று பிதாவின் குரல் வானத்திலிருந்து கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்கிறார்கள். ஒருவர் உருமாறி இன்னொருவராக ஆகவில்லை.

"இயேசு மட்டும்" என்று போதிக்கிற குழுக்கள் இருக்கின்றன. 1910களில் அமெரிக்காவில் பெந்தெகொஸ்தே இயக்கத்துக்குள் உருவான பிரிவு அது. பிதா, குமாரன், ஆவி என்பதெல்லாம் ஒரே ஆளின் பட்டங்கள் என்பார்கள், இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். நாளைக்கு அவர்களில் ஒருவர் நம் பிள்ளையைப் பார்த்து, "உங்க சண்டே ஸ்கூல்ல சொல்லிக்கொடுத்த அதே ஐஸ்கட்டிதானே நாங்களும் சொல்றோம்" என்றால் பிள்ளை என்ன சொல்லும்?

இன்னொன்று, பெருக்கல் கணக்கு. ஒன்றும் ஒன்றும் ஒன்றும் மூன்று அல்லவா என்று யாராவது கேட்டால், "கூட்டாதே, பெருக்கு, ஒன்றுதான் வரும்" என்பது. நாலாவது ஒன்றைச் சேர்த்துப் பெருக்கினாலும் ஒன்றுதான் வரும். அப்படியானால் நால்வர் என்று சொல்லலாமா? கேட்டவர் வாயை அந்த நிமிடம் அடைக்கலாம், அவ்வளவுதான்.

சபை சொல்வது இதுதான். தேவன் என்ன என்று கேட்டால் பதில் ஒன்று: ஒரே தெய்வம், ஒரே இறைத்தன்மை, பங்கு போட முடியாதது. அந்த ஒரே தேவன் யார் என்று கேட்டால் பதில் மூவர்: பிதா, குமாரன், பரிசுத்த ஆவியானவர். பிதா குமாரன் அல்ல, குமாரன் ஆவியானவர் அல்ல. ஆனால் மூவரும் அந்த ஒரே தேவனே. ஒரு தேவன், ஆனால் மூன்று தேவர்கள் என்று சொல்லியிருந்தால் முரண். ஓர் ஆள், ஆனால் மூன்று ஆட்கள் என்று சொல்லியிருந்தாலும் முரண். சபை இரண்டையும் சொல்லவில்லை. இதைப் புரிந்துகொள்வது கடினம் என்று ஒருவர் சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். கணக்குத் தெரியாதவர்கள் பேசுவது என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கேண்டீனில் அந்த அண்ணன் கேட்டதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கெத்செமனேயில் குமாரன் பிதாவிடம் ஜெபித்தார். தமக்குத் தாமே பேசிக்கொள்ளவில்லை. உண்மையாகவே மனிதனானவர், மனிதனாக நின்று ஜெபித்தார். இயேசு முழுமையாகத் தேவன், முழுமையாக மனிதன் என்று 451இல் ஆயர்கள் கூடிய கல்செதோன் சங்கம் அறிக்கை செய்ததும் இதைத்தான். "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்று யோவான் 14இல் வருவதையும், அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்று மாற்கு 13இல் வருவதையும் மற்றவர்கள் எடுத்துக் காட்டும்போது நம் பிள்ளைகள் முதல்முறையாகக் கேட்பதுபோல விழிக்கக் கூடாது. அந்த வசனங்களை முதலில் வாசித்துக் காட்ட வேண்டியவர்கள் நாம்.

"திரித்துவம் என்ற வார்த்தை பைபிளில் இல்லையே" என்பார்கள். இல்லைதான். அந்தப் பெயரை லத்தீனில் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் மூன்றாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் எழுதினார். பெயர் பிறகு வந்தது, பெயர் குறிக்கிற செய்தி முதலிலேயே இருந்தது. இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட நான் போவது பவுலிடம். ஒவ்வொரு யூதனும் தினமும் சொல்கிற அறிக்கை உபாகமம் 6:4: "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." பவுல் அதைச் சொல்லி வளர்ந்தவர். அதே பவுல் 1 கொரிந்தியர் 8:6இல் பிதாவாகிய ஒரே தேவன் நமக்கு உண்டு என்றும், இயேசு கிறிஸ்து என்னும் ஒரே கர்த்தரும் நமக்கு உண்டு என்றும் எழுதுகிறார். பழைய அறிக்கையில் இருந்த "தேவன்", "கர்த்தர்" இரண்டையும் எடுத்து, ஒன்றைப் பிதாவுக்கும் ஒன்றை இயேசுவுக்கும் வைக்கிறார். இரண்டாவது தெய்வத்தைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. ஒரே தேவன் என்ற அறிக்கைக்கு உள்ளேயே இயேசுவை வைக்கிறார். அப்புறம் பிலிப்பியர் இரண்டாம் அதிகாரம். முழங்கால் யாவும் எனக்கு முன்பாக முடங்கும் என்று ஏசாயா 45இல் கர்த்தர் தம்மைப் பற்றிச் சொன்னதைப் பவுல் இயேசுவின் நாமத்துக்குச் சொல்கிறார். ஒரே தேவனைத் தவிர வேறு யாரையும் வணங்கக் கூடாது என்பதற்காக உயிரையும் கொடுக்கத் துணிந்த மக்களில் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்றால், சும்மா எழுதியிருக்க மாட்டார்.

கொரிந்தியருக்கு எழுதிய அந்தக் கடிதம் கி.பி. 55ஐ ஒட்டியது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆயர்களைக் கூட்டிய நிசேயா சங்கம் 325. நடுவில் 270 வருஷம். "இயேசுவைக் கடவுள் ஆக்கியது கான்ஸ்டன்டைன் ராஜா, ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள்" என்ற பேச்சு இப்போது வாட்சாப்பிலும் டிக்டாக்கிலும் தமிழிலேயே வருகிறது. என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை அப்படி ஒரு வீடியோவைக் காட்டி "இது உண்மையா டீச்சர்?" என்று கேட்டாள். இதற்குப் பதில் சொல்ல உபதேசம்கூட வேண்டாம், வரலாறே போதும்.

நிசேயா இருந்தது இன்றைய துருக்கியில் அடங்கிய பித்தினியா நாட்டில். அதே பித்தினியாவில் 112ஐ ஒட்டி ஆளுநராக இருந்தவர் பிளினி. கிறிஸ்தவர் அல்லர், கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டித்தவர். அவர் டிராஜன் பேரரசருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. இந்த ஆட்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவை ஒரு தெய்வமாக வைத்துப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். கான்ஸ்டன்டைன் பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் முன்னால், அதே மாநிலத்தில், நம்மைப் பிடிக்காத ஒருவரின் கையால் எழுதிய சாட்சி.

சரி, நிசேயாவில் என்னதான் நடந்தது? இயேசு மனிதரா கடவுளா என்று அங்கே யாரும் ஓட்டுப் போடவில்லை. அலெக்சாந்திரியா மூப்பரான ஆரியு, குமாரனும் படைக்கப்பட்டவர்தான், அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது என்று போதித்தார். படைப்பிலேயே உயர்ந்தவர் என்று அவரும் ஒத்துக்கொண்டார். அப்படியானால் இத்தனை நாளாகச் சபை படைப்பைத்தான் வணங்கி வந்ததா என்பதுதான் சங்கத்தின் முன் இருந்த கேள்வி. குமாரன் உண்டாக்கப்பட்டவர் அல்ல, பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று சங்கம் அறிக்கை செய்தது. வந்திருந்த ஏறத்தாழ முந்நூறு ஆயர்களில் கடைசிவரை கையெழுத்துப் போட மறுத்தவர்கள் இரண்டே பேர். வேதாகமத்தில் எந்தப் புத்தகம் இருக்க வேண்டும் என்ற பேச்சு அங்கே எடுக்கப்படவே இல்லை. அதையும் வீடியோக்காரர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள்.

ராஜா திணித்த உபதேசம் என்றால், சங்கத்துக்குப் பிறகு நடந்ததை அவர்கள் எப்படி விளக்குவார்கள்? 337இல் மரணப் படுக்கையில் கான்ஸ்டன்டைனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் நிக்கோமேதியாவின் யூசேபியு. அவர் ஆரியுவின் பக்கம் நின்றவர். கான்ஸ்டன்டைனுக்குப் பின் வந்த மகன் கான்ஸ்டான்டியுவும் ஆரியு பக்கத்தாருக்கே துணை போனார். நிசேயா அறிக்கையைக் காத்து நின்ற அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். பதினேழு வருஷம் போல அவர் தம் ஊருக்கு வெளியே கழித்திருக்கிறார். அவரை முதலில் அனுப்பிவைத்தது கான்ஸ்டன்டைனேதான். அரண்மனை எதிர்த்து நின்றும் அந்த அறிக்கை பிழைத்தது என்பதே வரலாறு. 381இல் கான்ஸ்டான்டினோப்பிளில் பரிசுத்த ஆவியானவரைப் பற்றிய பகுதி விரிவாக்கப்பட்டு, இன்று நாம் ஆராதனையில் சொல்லும் வடிவம் வந்தது. 2025இல் நிசேயாவுக்கு 1700 வருஷம் நிறைந்தது. நம் சபைகளில் எத்தனை பிள்ளைகளுக்கு அது தெரிந்தது?

இன்னொன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். நம் கையில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் 1 யோவான் 5:7ஐப் பாருங்கள். பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள் என்று இருக்கும். திரித்துவத்துக்கு வசனம் கேட்டால் பலரும் முதலில் ஓடுவது இதற்குத்தான். கத்தோலிக்க உறவினர் வீட்டில் இருக்கும் திருவிவிலியத்தைத் திறந்தால் அந்த வரி அங்கே இல்லை. பழைய கிரேக்கப் பிரதிகளில் அது இல்லை. லத்தீன் பிரதிகள் வழியாக வந்து, எராஸ்மு என்ற அறிஞர் 1522இல் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பில் இடம்பிடித்து, அங்கிருந்து பல மொழிகளுக்குப் போன வரி அது. நம்மை விமரிசிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நம் பிள்ளைகளுக்குத்தான் தெரியாது. மேசையில் இரண்டு வேதாகமத்தையும் வைத்து நாமே இதைக் காட்டிவிட வேண்டும். அத்தனாசியுவும் அவருக்குப் பின் வந்த கிரேக்கப் பிதாக்களும் ஆரியு கட்சியோடு ஒரு தலைமுறைக்கும் மேல் வாதாடியபோது இந்த வசனத்தை எடுத்ததே இல்லை. அது இல்லாமலேயே உபதேசம் நின்றது. அதை நம்மிடமிருந்து கேட்ட பிள்ளை வெளியே யாரிடமிருந்து கேட்டாலும் கலங்காது.

வாதத்துக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. எனக்கு இந்த உபதேசத்தின் மேல் பிரியம் வந்தது யோவான் 17ஆம் அதிகாரத்தில். உலகத் தோற்றத்துக்கு முன் நீர் என்னில் அன்பாயிருந்தீர் என்று இயேசு பிதாவிடம் சொல்கிறார். வானம் இல்லை, பூமி இல்லை, தேவதூதர்கள் இல்லை. அப்போதே அன்பு இருக்கிறது. தேவன் அன்பாகவே இருக்கிறார் என்று யோவான் தம் நிருபத்தில் எழுதுகிறாரே, அதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்பேன்: யாருமே படைக்கப்படாத காலத்தில் தேவன் யாரிடம் அன்பாக இருந்தார்? வகுப்பு கொஞ்ச நேரம் யோசிக்கும். பிதா குமாரனிடத்தில், ஆவியானவரில், என்றென்றும். அன்பு செலுத்த ஆள் வேண்டும் என்பதற்காக அவர் நம்மைப் படைக்கவில்லை. அவருக்குள் நிறைந்திருந்த அன்பில் நமக்கும் இடம் கொடுத்தார். அம்மாவும் அப்பாவும் பிரிந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடிகிறதே, ஐஸ்கட்டியை வைத்து இதைச் சொல்ல முடியுமா?

அக்கம்பக்கத்து இந்துக்கள் நம்மிடம் அன்பாகச் சொல்வது ஒன்று உண்டு: "எங்களுக்கும் மும்மூர்த்தி இருக்காங்க, எல்லாம் ஒண்ணுதான்." நல்லெண்ணத்தில் சொல்வது. அதற்கு முகம் சுளிக்கவும் வேண்டாம், ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம். படைத்தல், காத்தல், அழித்தல் என்று தொழிலைப் பிரித்துச் சொல்வது அங்கே. திரித்துவத்தில் தொழில் பிரிவினை இல்லை. படைப்பிலும் மீட்பிலும் பரிசுத்தமாக்குதலிலும் மூவரும் ஒன்றாகவே செயல்படுகிறார்கள். வித்தியாசத்தை மரியாதையாகச் சொல்லலாம், அதில் யார் மனமும் புண்பட வேண்டியதில்லை.

மரியாதை என்றதும் ஒன்றை அழுத்தியே சொல்ல வேண்டும். நம் தரப்பில் சிலர் பதில் வீடியோ போடுகிறார்கள். அடுத்தவர் சாமியைக் கிண்டல் செய்வதும், அவர்கள் நபியைப் பற்றித் தரக்குறைவாகப் பேசுவதும், கீழே கைதட்டும் பொம்மைகளும். இதை விசுவாசத்தைக் காப்பது என்கிறார்கள். பேதுரு தம் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாயிருங்கள் என்று மட்டும் எழுதவில்லை, சாந்தத்தோடும் வணக்கத்தோடும் என்று சேர்த்தே எழுதினார். முதல் பாதியை எடுத்துக்கொண்டு அடுத்த பாதியை விட்டுவிட நமக்கு உரிமை இல்லை. ஜார்ஜ் டவுனில் புனித ஜார்ஜ் ஆலயத்திலிருந்து புறப்பட்டால் குவான் யின் கோயில், மகா மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் நடந்து போகும் தூரம். நம் பிள்ளைகள் வாழப்போவது இந்த ஊரில்.

எதிர்ப்பவர்களை மட்டமாக நினைப்பதும் தவறு. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இளவயதில் பெர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத்தைத் தமிழாக்க உதவியவர். பிறகு சைவத்தின் பக்கம் நின்று மிஷனரிகளுக்கு மறுப்பு எழுதியபோது, நம் வேதத்தை வரிவரியாகப் படித்தவராகவே எழுதினார். நம் பிள்ளைகள் அதில் பாதியாவது படித்திருக்க வேண்டாமா?

சட்டத்தையும் சொல்லிக்கொடுங்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு நமக்கு மத உரிமை தருகிறது. அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு, முஸ்லிம்களிடையே மற்ற மதங்களைப் பரப்புவதை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்கிறது. நண்பர் கேட்டதற்கு "நாங்கள் நம்புவது இது" என்று அமைதியாகச் சொல்வது எப்படி, எந்த இடத்தில் நிறுத்துவது, அவர் நம்பிக்கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது எப்படி என்று வாலிபர்களுக்குத் தெளிவு வேண்டும். தெளிவில்லாததால்தான் சிலர் வரம்பு மீறுகிறார்கள், சிலர் அந்தப் பையனைப்போல மேசையை விட்டே எழுந்துவிடுகிறார்கள். கடவுள் ஒரு பெண்ணை மணந்து பிள்ளை பெற்றார் என்று நாமும் நம்புவதில்லை, மரியாளைத் தெய்வமாக நாமும் சேர்ப்பதில்லை என்ற அளவுக்காவது அவனுக்குச் சொல்லத் தெரிந்திருந்தால், அந்த அண்ணனுக்கு நம்மைப் பற்றி இருந்த பாதிச் சந்தேகம் அன்றே தீர்ந்திருக்கும்.

எனவே ஐயாமாரே, அடுத்த திரித்துவ ஞாயிறுக்குக் காத்திருக்காதீர்கள். நிசேயா விசுவாசப் பிரமாணத்தை வாரம் ஒரு வரியாக எடுத்து விளக்குங்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் தேசியப் பள்ளியில் படித்தவர்கள், பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் அவர்களுக்குக் கனமாக இருக்கிறது. நடுவில் மலாயோ ஆங்கிலமோ கலந்து வந்தால் வரட்டும். பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள், கேட்ட பிள்ளையைச் சபை முன்னால் கண்டிக்காதீர்கள். தஞ்சோங் பூங்காவில் 1808 முதல் இந்தத் தீவில் குருக்களை உருவாக்கி வரும் கத்தோலிக்கக் குருமடமான காலேஜ் ஜெனரல் இருக்கிறது. கத்தோலிக்கர், லுத்தரன், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் எல்லாரும் சொல்லும் அறிக்கை இது ஒன்றே. சபை வேறுபாடு பாராமல், படித்தவர்களை அழைத்து ஒரு மாலை வகுப்பு நடத்துவதில் என்ன தடை?

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களான எங்களுக்கே முதலில் அந்த வகுப்பை வையுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் என்றால் ஷிஃப்ட் வேலை செய்பவர்களில் பாதிப் பேராவது வர முடியும். எங்கள் பக்கத்து ஆசிரியர்களை நான் கூட்டி வருகிறேன். தேதியை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை,
பட்டர்வொர்த்